ரீலோட் கொப்பியில் 19 வரிகள்: தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

தோட்டத்துக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கும். அதன் முதுகில் நூல் கட்டியிருக்கும். நூலின் நுனியில் ஒரு பேனா தொங்கும். ரீலோட், அதாவது போனுக்குக் காசு, போட வருகிறவர்கள் எண்ணையும் தொகையையும் அதில் எழுதிவிட்டு நிற்பார்கள். கடைக்காரர் தம் போனிலிருந்து அனுப்பிவிட்டு, அந்த வரியின் ஓரத்தில் ஒரு சரி அடையாளம் போடுவார். 2025 ஜூலையில் ஒரு மாலை, இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்படியொரு கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே எண் 19 இடங்களில் எழுதப்பட்டிருந்தது. 4 இடங்களில் 100 ரூபாய், 15 இடங்களில் 200 ரூபாய், மொத்தம் 3,400. எல்லாம் ஒரே கையெழுத்து. 7 என்ற இலக்கத்தின் இடுப்பில் ஒரு சிறு குறுக்குக்கோடு இருந்தது. அந்த 7 ஐ நான் இரண்டு வருடங்களாகக் கணிதக் கொப்பிகளில் திருத்தி வருகிறேன்.

எழுதியவள் தரம் 10 மாணவி. வயது 15. எழுதப்பட்ட எண் அவளுடையதும் அல்ல, அவள் குடும்பத்தில் யாருடையதும் அல்ல. அவளைப் போன் வழியே மிரட்டியவனின் எண்.

நான் அந்தப் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவள். ஆலோசனை வழிகாட்டலும் என் பொறுப்பு. பிள்ளையின் பாதுகாப்புக்காகத் தோட்டத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை. இந்த நிகழ்வில் படிக்க வேண்டியதே அந்த வரிசைதான்.

போனுக்குள் இருந்த அம்மா

மாணவியின் அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார்; இரண்டு வருட ஒப்பந்தம். அப்பா கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. அவளும் தம்பியும் அப்பாயியுடன் லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகளில் ஒன்றில், இருக்கிறார்கள். அப்பாயிக்கு 57 வயது, இன்னும் பேர் போட்டு, அதாவது நாட்கூலி வேலைக்குப் போய், கொழுந்து பறிக்கிறார். மலைநாட்டில் இது விதிவிலக்கான குடும்பம் அல்ல. என் வகுப்பில் அப்பாயியோ அம்மாயியோ வளர்க்கும் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினால் இரண்டு கை விரல்கள் போதாது.

அந்த வீட்டுக்குத் தொடுதிரைப் போன் வந்தது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பாடங்கள் வாட்ஸ்அப் வழியே போயின. தவணைக் கட்டணத்தில் ஒரு போன் வாங்கி, அப்பாயியின் அடையாள அட்டையில் சிம் எடுத்து, பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். நாங்களே கொடுக்கச் சொன்னோம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்ப் பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டு வா என்று சொன்னவர்களும் நாங்கள்தான். பாடசாலைகள் திறந்தபின் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அப்பாயிக்கும் பேத்திக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போனைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பேசுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அந்த வீட்டில் போன் என்றால் அம்மா. குவைத்தில் இரவு 9 மணிக்கு வேலை முடியும்போது இங்கே 11.30. அந்த நேரத்தில்தான் ஐமோ செயலியில் வீடியோ அழைப்பு வரும். தம்பி பாதித் தூக்கத்தில் எழுந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான். அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துவிட்டது. அதை எடுத்துக்காட்டி இங்கேயும் அப்படியே செய்யலாமே என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் எங்கள் லயங்களில் ஒரு போனை மூன்று பேரும் நான்கு பேரும் பயன்படுத்துகிறார்கள். கணக்கு அப்பாயியின் எண்ணில் இருக்கிறது, பார்ப்பது பேத்தி. வயதெல்லை இங்கே எந்தக் கதவை மூடும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த 11.30 மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டியவனும் அதே நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டான்.

'அக்கா' வந்த வழி

2025 சித்திரை விடுமுறையில் தோட்டத்துக் கோவில் திருவிழா நடந்தது. மாணவியும் தோழிகளும் கும்மி ஆடிய ஒரு காட்சியை டிக்டொக்கில் போட்டாள். கணக்கு எல்லோரும் பார்க்கத்தக்கதாகத் திறந்திருந்தது. அந்தக் காட்சியில் கோவில் கோபுரம் தெரிந்தது. அதற்கு முந்திய ஒரு காட்சியில் பாடசாலைக் கழுத்துப்பட்டி தெரிந்தது. இன்னொன்றில் லயத்துச் சுவரில் வீட்டு எண். தனித்தனியே பார்த்தால் எதிலும் தவறில்லை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு முழு முகவரி கிடைத்துவிடும்.

ஒரு பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து பாராட்டு வந்தது. "தங்கச்சி, நீ எவ்வளவு அழகாக ஆடுகிறாய்" என்பது முதல் வரி. 'அக்கா' கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு விளம்பரப் படங்கள் செய்வதாகச் சொன்னாள். இரண்டு வாரம் வெறும் பேச்சுதான்: சாப்பிட்டாயா, பரீட்சை எப்படி, அம்மா எப்போது வருவார். மாணவி பின்னர் என்னிடம் சொன்னாள்: "டீச்சர், அந்த அக்கா ஒவ்வொரு நாளும் சாப்பிட்டாயா என்று கேட்டார்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பிறகு பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. பொதுவெளியில் தொடங்குகிற பழக்கம் தனி அறைக்குப் போகும் கட்டம் இது. இப்படிப்பட்ட நிகழ்வுகள் பலவற்றில் இந்தக் கட்டம் ஏதோ ஒரு வடிவில் வரும். அதற்கடுத்து வருவது இரகசியம். விளம்பரத்தில் நடித்தால் ஒரு படத்துக்கு இவ்வளவு தருவேன், ஆனால் அப்பாயிக்கு இப்போது சொல்லாதே, காசு கைக்கு வந்ததும் சொல்லி ஆச்சரியப்படுத்து என்றாள் 'அக்கா'. புடவைக்கு அளவு பார்க்க என்று முதலில் சாதாரணப் படங்கள் கேட்டாள். மே மாதக் கடைசியில், யாருக்கும் காட்ட முடியாத ஒரு படத்தையும் கேட்டு வாங்கினாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே எண்ணிலிருந்து ஆண்குரலில் ஒரு பதிவு வந்தது. கூடவே ஒரு திரைப்படிமம்: மாணவி படிக்கும் பிரத்தியேக வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் உள்ளவர்களின் பட்டியல். 43 பேர். இத்தனை பேருக்கும் அனுப்பவா என்று ஒரே கேள்வி.

அந்தப் பட்டியல் அவன் கைக்கு எப்படிப் போனது? பாடத் தாள்களை அனுப்புவதற்காக ஆரம்பித்த அந்தக் குழுவின் இணைப்பைப் புதிய மாணவர்களைச் சேர்ப்பதற்காகப் பேஸ்புக்கில் பகிரங்கமாகப் போட்டிருந்தார்கள். இணைப்பு உள்ள எவரும் உள்ளே வரலாம். உள்ளே வந்தவர் எல்லோருடைய எண்களையும் பார்க்கலாம். அவன் வாரக்கணக்கில் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்கிறான். புதிதாகச் சேர்பவரைக் குழு நிர்வாகி அனுமதித்தால் மட்டும் உள்ளே வரும்படி வைக்கலாம். பழைய இணைப்பைச் செல்லாததாக்கிப் புதிதாக எடுக்கலாம். இரண்டுக்கும் ஒரு நிமிடம் போதும். பெற்றோரையும் பிள்ளைகளையும் குறை சொல்லுமுன், குழுக்களை நடத்தும் ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் கையிலுள்ள இந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லி வருகிறேன்.

பணம் கேட்டான். பிள்ளையிடம் பணம் ஏது? ரீலோட் போடு என்றான். அப்பாயியின் கடைக்கொப்பியில் கடன் எழுதி, ரீலோட் கொப்பியில் அவன் எண்ணை எழுதினாள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபாய். 3,400 என்பது இரண்டரை நாள் கொழுந்து. அட்டைக்கடியும் மழையும் பாராமல் அப்பாயி நின்ற இரண்டரை நாள்.

நான் பார்த்தும் காணாதது

ஜூன் நடுப்பகுதியில் மாணவி வகுப்பில் தூங்கத் தொடங்கினாள். மதிய உணவைத் தொடாமல் மூடி வைத்தாள். நான் கவனித்தேன். என் குறிப்பேட்டில் "இரத்தச்சோகையாக இருக்கலாம், கிளினிக் அனுப்ப வேண்டும்" என்று எழுதினேன். மலைநாட்டுப் பெண்பிள்ளைகளிடம் அது அடிக்கடி காண்பதுதான். ஆகவே அந்த ஊகம் சுலபமாக வந்தது. இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டிருந்தால் 11.30 பற்றித் தெரிந்திருக்கும். அவள் சொன்னாள்: போன் அதிரும்போதெல்லாம் அம்மாவா, அவனா என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் பயமாகிவிட்டது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். பதில் நீளமாக இருந்தது. அதன் சாரம் இதுதான். சொன்னால் மாமா அடிப்பார். படிப்பை நிறுத்திவிடுவார்கள். விடயம் குவைத்துக்குப் போய் அம்மா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வருவார், வீட்டுக் கடன் நிற்கும். லயத்தில் பேச இடமில்லை. ஒரு காம்பராவில் (லயத்து வீட்டில்) இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அழுதால் அடுத்த குடத்துக்காரி கேட்பாள். அந்த மனிதனைப் பற்றிய பயம் இந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வந்தது. அவனுக்கு அவளைப் பிடித்து வைக்க வேறு கயிறு தேவைப்படவில்லை. நம்முடைய மானப் பேச்சையே கயிறாக எடுத்துக் கட்டியிருந்தான்.

போன் உடைந்த இரவு

ஜூலைச் சம்பள நாளில் அப்பாயி கடைக்கணக்கைத் தீர்க்கப் போனார். வழக்கத்தைவிட 3,400 ரூபாய் கூட. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது. அந்த இரவு பேத்தி அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாயி ஒரு வார்த்தையும் திட்டவில்லை. ஆனால் பக்கத்துக் காம்பராவிலிருந்து மாமா வந்துவிட்டார். போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். சிம்மை அடுப்பில் போட்டார். மூன்று நாள் பாடசாலைக்குப் போகக்கூடாது என்றார்.

மாமா கெட்டவர் அல்ல. அக்காவின் பிள்ளையைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். ஆனால் அந்த ஓர் அடியில் நான்கு கதவுகள் அடைபட்டன. மிரட்டல் செய்திகள் இருந்த ஒரே இடம் போயிற்று. அனுப்பியவன் 'எல்லோருக்கும் அழி' வசதியால் தன் பக்கத்துச் செய்திகளைப் பெரும்பாலும் முன்பே அழித்திருந்தான், எஞ்சிய சிலவும் அன்று போயின. மூலப் படமும் போயிற்று. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் இத்தகைய படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இயங்குகிறது. அமெரிக்காவின் காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் சிறுவர்களுக்கான தேசிய மையம் நடத்துவது. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை. போனிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்கோவை உருவாகும், அது மட்டும் இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குப் போகும். ஆனால் அதற்குப் படம் கையில் இருக்க வேண்டும். எங்களிடம் இல்லை.

மூன்றாவது, அம்மாவின் அழைப்பு நின்றது. குவைத்தில் அந்தத் தாய் இரண்டு இரவுகள் பதிலில்லாத போனை அடித்துக்கொண்டிருந்தார். நான்காவதுதான் கொடியது. பதில் வராததைக் கண்ட மிரட்டல்காரன், பிள்ளை தன்னை மீறுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் படத்தை அனுப்பினான்.

அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சப்பாத்து முழுவதும் சேறு. குறுக்குப் பாதையால் ஓடி வந்திருக்கிறான். "டீச்சர், என் போனுக்கு ஒன்று வந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. அவள் ஏன் வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது." போனை நீட்டினான். என்னிடம் காட்டாதே என்றேன். அவனைத் தனியே உட்கார வைத்து, வந்த எண்ணையும் நேரத்தையும் மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 15 வயதில் அந்தப் பையன் செய்ததை அன்று பெரியவர்கள் சிலர் செய்யவில்லை. படத்தைப் பார்த்தால்தானே முடிவெடுக்கலாம் என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். தேவையே இல்லை. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 286ஏ பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும் பகிர்வதும் மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். விசாரிக்கிறேன் என்று சொல்லிப் பிள்ளையின் மானத்தை இன்னொரு போனுக்கு மாற்றிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. பிரச்சினை அடங்கும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் ஒரு யோசனை வந்தது. அதிபர் அதை அங்கேயே நிறுத்தினார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

கொப்பி பேசியது

அன்று மாலையே லயத்துக்குப் போனேன். அப்பாயி ஸ்தோப்பில் (வீட்டின் முன் திண்ணையில்) உட்கார்ந்திருந்தார். உள்ளே மாணவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போகும் வழியெல்லாம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஏன் அனுப்பினாய் என்று கேட்டுவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். "உன்மேல் தவறு தேடி வரவில்லை. நாளை வகுப்புக்கு வர என்ன வேண்டும் என்று கேட்க வந்தேன்" என்றேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "போன் உடைந்துவிட்டது டீச்சர், இனி ஒன்றும் நிரூபிக்க முடியாது" என்றாள். ரீலோட்டைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். எண் நினைவிருக்கிறதா என்றேன். பயத்தில் மனப்பாடமான எண், ஆனால் அதே பயத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் குழம்பின. அப்பாயிதான் எழுந்தார். "கடைக்கொப்பியில் இருக்குமே. வாருங்கள் டீச்சர்."

அங்கே அந்த 19 வரிகளும் நாள் வாரியாக இருந்தன. கடைக்காரரின் போனில் அனுப்பிய பதிவுகளும் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதிவு பொருந்தியது. வகுப்புத் தோழன் தாளில் எழுதிய எண்ணும் அதுவே. கொப்பியைத் தருவதற்குக் கடைக்காரர் தயங்கினார். மற்றவர்களின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. கொப்பியை அப்படியே வைத்திருங்கள், பொலிஸார் கேட்டால் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற எண்ணுக்குக் கடை வாசலிலிருந்தே அழைத்தேன். மறுநாள் அப்பாவும் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தில் முறைப்பாடு பதிவானது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு நான் அழுத்திச் சொல்வேன். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பிள்ளை சொன்னது ஒன்று, தாளில் எழுதப்பட்டது வேறொன்று என்று ஆகிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். நீ பாதிக்கப்பட்டவள், குற்றவாளி அல்ல என்று அந்த உத்தியோகத்தர் அவளிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவைதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பது இப்போது சட்டத்தின் கையில் உள்ள விடயம். எழுதப்போவதில்லை. 'அக்கா' என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

பிறகு

நான்காம் நாள் மாணவி வகுப்புக்கு வந்தாள். அவள் இருக்கையை மாற்றவில்லை. மாற்றினால் அதுவே ஒரு செய்தியாகிவிடும். யாராவது கேலி செய்தார்களா என்று தினமும் விசாரித்தேன். ஒரு தடவை நடந்தது. வகுப்புத் தோழிகளே அதை நிறுத்தினார்கள். பிரத்தியேக வகுப்புக் குழுவில் தெரியாத எண்கள் ஏழு நீக்கப்பட்டன. ஏழில் ஒன்று அவனுடையது. மற்ற ஆறு யாருடையவை என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆறு எண்கள்தான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கின்றன.

மாமாவிடம் நானே பேசினேன். போனை உடைத்ததால் என்ன நடந்தது என்பதை நாள் வாரியாகச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம் அவரே ஒரு பழைய போன் வாங்கிக் கொடுத்தார். டிக்டொக் கணக்கு இப்போதும் இருக்கிறது. தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டியிருக்கிறாள். கும்மிக் காட்சியை நீக்கவில்லை. நீக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அது நல்ல ஆட்டம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டின் பாதைகளும் தொடர்புகளும் அறுந்தபோது, மூன்று நாள் கழித்துச் சிக்னல் வந்ததும் குவைத்துக்கு முதலில் போன செய்தி அந்தப் பழைய போனிலிருந்துதான். மண் சரிந்தது பக்கத்து டிவிஷனில், நாங்கள் பத்திரமாக இருக்கிறோம் என்று தம்பி பேசி அனுப்பியிருந்தான்.

அம்மாவுக்கு விடயத்தைச் சொன்ன இரவையும் எழுதிவிட வேண்டும். ஜூலையில், இங்கே 11.30 மணி, என் போனிலிருந்து அழைத்தோம். பக்கத்தில் அப்பாவும் மாணவியும் இருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தாய் குறுக்கிடவில்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படிப்பை நிறுத்திவிடவில்லையே டீச்சர்?" இல்லை என்றேன். பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டு நானும் அப்பாவும் வெளியே போய் ஸ்தோப்பில் நின்றோம்.